மூணு கார்டும் ஒரு கிழிஞ்ச ஸ்பீக்கரும்

விமலாராணிக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது, மாதா கோயில் பாட்டுக்குழுவில் நின்று வாயை மட்டும் அசைக்கும்படி அவளுக்கு உத்தரவாகியிருந்தது.

"சத்தம் வேணாம்மா. அரத்த வச்சித் தேச்ச மாதிரி இருக்குது ஒன் தொண்ட. வாய மட்டும் அசை, போதும்" என்று பாட்டுக்குழுவை நடத்திய உபதேசியார் சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. வரிசையில் ஓர் ஆள் குறைந்தால் பார்வைக்கு நன்றாக இருக்காது என்பதால் அவளை நீக்காமல் வைத்திருந்தார். இரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், விமலாராணி ஊமைப் பாட்டு பாடிவந்தாள்.

அது 1967. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா சூசை ஜங்ஷனில் ரயில் பாதை வேலை பார்த்தார். அவள் பேட்டையிலிருந்த ஒரு கம்பெனியில் ஃபினிஷிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து வந்து காய்ந்த ஃப்யூஸ் கட்டைகளின் ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்க வேண்டும். முப்பது பெண்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் சங்கு ஊதி வெளியே வரும்போது, புருவம் முதற்கொண்டு எல்லாருக்கும் வெள்ளையாக இருக்கும். அவர்கள் வருவதைப் பார்த்து, "மாவு மில்லு வருதுடா" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

அவள் பாடவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவன் செபாஸ்டியன். பாலக்கரையில் பச்சமுத்து என்பவரின் மைக் செட் கடையில் வேலை பார்த்தான். கோயில் திருவிழாவுக்கு மைக் கட்ட வந்தவன், பூசை முடிந்ததும் நேராக அவளிடம் வந்தான்.

"ஒனக்கு முன்னாடி வச்ச மைக்குல மூச்சு மட்டும்தான் வருது. ஏன், ஒடம்பு சரியில்லியா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம மத்தியானம் கடைக்கு வா. ஒன்னு போட்டுக் காட்டறேன்" என்று மட்டும் சொன்னான்.

நெய்வேலியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் சொந்த ஊருக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் ஒரு கிதாரையும், ஒரு பெட்டி ரெக்கார்டையும், படம் போட்ட ஒரு கிதார் புத்தகத்தையும் செபாஸ்டியன் வாங்கி வந்திருந்தான். ரெக்கார்டுகள் பெரும்பாலும் நடனத்துக்கானவை. கேட்டால் தூக்கம் வந்தது. ஒன்றே ஒன்று வேறு மாதிரி இருந்தது. சின்னத் தட்டு. மேலே ஒட்டியிருந்த தாள் தண்ணீர் பட்டு உரிந்துபோனதால், யார் பாடியது, என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது.

கடையில் பச்சமுத்து இல்லாத நேரமாகப் பார்த்து அதைச் சுழலவிட்டான். கிதார் தகரத்தைக் கிழிப்பது போல ஒலித்தது. பாடியவன் பாடவில்லை, கத்தினான். நடுவில் ஓரிடத்தில் டிரம்ஸ் தப்பியது; தப்பியதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"இவனுக்கும் பாட வரலியே" என்றாள் விமலாராணி.

"வரல. ஆனா பாடியிருக்கான் பாரு" என்றான் செபாஸ்டியன்.

"இன்னொருவாட்டி போடுங்க."

அன்றைக்கு ஒன்பது முறை கேட்டார்கள்.

மூன்றாவது ஆளாகக் கொளஞ்சி வந்து சேர்ந்தான். அவள் கம்பெனியிலேயே சூளையில் தீ போடுகிறவன். மணவாளநல்லூர்க்காரன், இருபத்தாறு வயது, கல்யாணமானவன். சாப்பாட்டு வேளையில் தூக்குச்சட்டியிலும் சூளைக் கதவிலும் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். கை ஓய்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியத்தில் தோல் தொய்ந்து தள்ளிவிட்ட பெரிய டிரம் ஒன்றையும், இரண்டு எண்ணெய் டின்னையும், சைக்கிள் ரிப்பேர் கடையிலிருந்து ஒரு பழைய இரும்புத் தட்டையும் சேர்த்து அவனே ஒரு டிரம்ஸ் கட்டிக்கொண்டான்.

பேட்டையின் கடைசியில் பூட்டிக்கிடந்த ஒரு கம்பெனியின் தகரக் கொட்டகை இருந்தது. அதன் வாட்ச்மேன் மாயவனிடம் போய் நின்றார்கள்.

"பாட்டா? தாராளமா பாடுங்க. எனக்கு ஒரு காது ஏற்கெனவே கேக்காது. இன்னொன்னும் போனா நிம்மதியா தூங்குவேன்" என்றார் அவர்.

ஞாயிறு மத்தியானங்கள் அப்படி ஆரம்பித்தன. டெலிபோன் ரிசீவருக்குள் இருக்கும் சின்ன மைக்கைக் கழற்றி, கிதாரின் வயிற்றில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, கடையிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயரில் செபாஸ்டியன் இணைத்தான். புத்தகத்தைப் பார்த்து விரல் வைத்துப் பழகினான். அதில் நாற்பது கார்டுகள், அதாவது பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கட்டுகள், போட்டிருந்தன. அவனுக்கு மூன்றுதான் வந்தது. நான்காவதுக்குச் சுண்டுவிரல் எட்டவில்லை.

"மூணு போதும். அந்த ரெக்கார்டுலயும் மூணுதான் இருக்குது, நான் எண்ணிட்டேன்" என்றான்.

ஒருநாள் சுவரோரம் சாத்தியிருந்த பலகை சரிந்து ஸ்பீக்கர் பெட்டிமேல் விழுந்து, உள்ளே இருந்த காகிதக் கூம்பு கிழிந்துவிட்டது. முதலாளியின் ஸ்பீக்கர். செபாஸ்டியன் மைதாப் பசை காய்ச்சி, நியூஸ் பேப்பர் ஒட்டி, பயந்துகொண்டே கிதாரைத் தட்டினான். சத்தம் பிசிறடித்தது, உறுமியது, கொட்டகையின் தகரமே கூட அதிர்ந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டேய், இதுதாண்டா அது!" என்று கொளஞ்சி குதித்தான். "அந்த ரெக்கார்டு சத்தம்!"

அதற்கு அப்புறம் அந்த ஸ்பீக்கரை ஒழுங்காகச் சரிசெய்ய அவர்களுக்கு மனசே வரவில்லை. பச்சமுத்துவிடம் சொல்லி, செபாஸ்டியன் அதைத் தானே எடுத்துக்கொண்டான்.

பாட்டு விமலாராணி கட்டினாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது; தெரிந்ததைத்தானே கத்த முடியும்? காலையில் ஊதுகிற கம்பெனிச் சங்கை வைத்து ஒன்று கட்டினாள்.

சங்கு ஊதுது, சங்கு ஊதுது, எழுந்து ஓடு!
சோத்துப் பான அடுப்புல கெடக்குது, எழுந்து ஓடு!

இவ்வளவுதான் பாட்டு. இதையே மூன்று கார்டில், கொளஞ்சியின் டின் அடிக்கு நடுவே, தொண்டை கிழியக் கத்துவாள். முதல்முறை கத்தி முடித்தபோது, அவளுக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. தன் சத்தம் எவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மாயவன் வெளியிலிருந்து எட்டிப்பார்த்து, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒன்றரை வருஷத்தை நினைக்கும்போதெல்லாம் பிற்காலத்தில் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது வெயில்தான். தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாகத் தரையில் காசு காசாக விழும் வெயில். அப்புறம் பசை மணம். கொளஞ்சியின் மனைவி கொடுத்தனுப்பும் கம்பங்கூழும் சுட்ட கருவாடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சும்மா படுத்துக்கொண்டு, கடலூர் பாசஞ்சர் போகிற சத்தத்தை வைத்துப் பெட்டிகளை எண்ணுவது. யாரும் யாரையும் திருத்தாத மத்தியானங்கள்.

வெளியே வாசித்தது மொத்தம் இரண்டு தடவை. முதல் தடவை கம்மாபுரத்தில் கொளஞ்சியின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இரண்டாவது பாட்டிலேயே கொட்டிலில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்குள் ஓடி வந்தது. மாப்பிள்ளையின் மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, ஒங்களுக்குப் புண்ணியமா போவுது. எலய போட்டாச்சி, மொதல்ல சாப்புடுங்க." சாப்பிட்டுவிட்டு, லாரியில் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

இரண்டாவது தடவைதான் விஷயம்.

1968 ஆயுத பூஜை. கம்பெனியில் ஒவ்வொரு வருஷமும் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து, மத்தியானம் தொழிலாளர்கள் கலை நிகழ்ச்சி என்று ஒன்று வைப்பார்கள். யாராவது சினிமாப் பாட்டு பாடுவார்கள், ஒருவர் மிமிக்ரி செய்வார். அந்த வருஷம் சூப்பர்வைசர் கலியமூர்த்தி பெயர் கேட்டபோது, கொளஞ்சி, மைக் கட்ட வருகிற செபாஸ்டியனையும் சேர்த்து, மூன்று பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அந்தக் கம்பெனியில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. கொல்லைப் பக்கம் உடைந்த பீங்கானைக் கொட்டி வைத்த மேடு ஒன்று உண்டு. அதற்குப் பின்னால்தான் ஒதுங்க வேண்டும். செருப்பில்லாமல் போனால் காலைக் கிழிக்கும். பக்கத்து ரோட்டில் லாரி போனால் எழுந்து நிற்க வேண்டும். அதனால் பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. பெஞ்சில் மூத்தவளான அமிர்தம் இரண்டு முறை மேனேஜரிடம் போய்ப் பதமாகச் சொல்லிப் பார்த்தாள். "பார்க்கலாம்மா" என்றார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், நீர்க்கடுப்பு வந்து அமிர்தம் பெஞ்சிலேயே சுருண்டு விழுந்தாள். நான்கு பெண்கள் சேர்ந்து அவளை ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்ததற்கு மறுநாள்தான் பூஜை.

விமலாராணி எதையும் திட்டம் போட்டு மேடை ஏறவில்லை. வழக்கமான பாட்டைத்தான் ஆரம்பித்தாள். கிழிந்த ஸ்பீக்கர் உறுமியதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் காதில் கை வைத்தார். சங்கு ஊதுது, எழுந்து ஓடு. சோத்துப் பானை, எழுந்து ஓடு. மூன்றாம் சுற்று பாட வரும்போது, பின்வரிசையில் வெளிறிய முகத்தோடு உட்கார்ந்திருந்த அமிர்தத்தின் மேல் அவள் கண் விழுந்தது. வாயில் வேறு வார்த்தை வந்தது.

"ஒதுங்க ஒரு எடமும் இல்ல, அடக்கிக்கிட்டு ஓடு!"

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். விமலாராணி அதையே திரும்பக் கத்தினாள். கொளஞ்சி அவளைத் திரும்பிப் பார்த்தான். அடியை நிறுத்தவில்லை, இன்னும் வேகப்படுத்தினான். செபாஸ்டியன் தன் மூன்று கார்டையும் விட்டுவிட்டு, ஒரே கார்டை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுய்யா!" என்று கத்திக்கொண்டே கலியமூர்த்தி ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்.

மைக் செத்துவிட்டது. கிதாரும் செத்துவிட்டது. டின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில், நாற்பது வயது அமிர்தம் எழுந்து நின்றாள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "அடக்கிக்கிட்டு ஓடு!" என்றாள். பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். பிறகு பெஞ்சு முழுக்க எழுந்தது. ஒயரில்லாமல், மைக்கில்லாமல், முப்பது பெண்கள் அந்த ஓர் அடியைக் கத்தினார்கள். மேனேஜர் எழுந்து போன பிறகும் கத்தினார்கள். கத்தக் கத்தச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

மறுநாள் காலை கேட்டிலேயே விமலாராணியை நிறுத்திவிட்டார்கள். வேலை போய்விட்டது. கொளஞ்சிக்கு எச்சரிக்கைக் கடிதம். சூளைக்குத் தீ போடத் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அவன் தப்பித்தான். பெண்கள் இரண்டு நாள் உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். விமலாராணியைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்றது கம்பெனி. அவள்தான் அமிர்தத்திடம் போய், "ஒத்துக்கோங்கக்கா. எனக்கு வேற கம்பெனி கெடைக்கும்" என்றாள். பொங்கலுக்கு முன்னால் நான்கு செங்கல் சுவரும், தகரக் கதவும், தண்ணீர்த் தொட்டியும் வந்தன.

வீட்டில் அப்பா சூசை ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீ சொன்னதுல தப்பு ஒன்னும் இல்ல. ஆனா, ஏம்மா அவ்ளோ சத்தமா?"

"மெதுவா சொன்னப்ப யாருக்கும் கேக்கலியேப்பா."

அவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிறுகள் மேலும் சில மாசம் ஓடின. பிறகு மூடிக்கிடந்த கம்பெனியை யாரோ வாங்கிவிட்டார்கள். கொட்டகையில் மெஷின் வந்து இறங்கியது. 1970-ல் செபாஸ்டியன் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினான். கப்பலில் ஒயர்மேன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஜங்ஷனுக்கு விமலாராணியும் கொளஞ்சியும் வந்திருந்தார்கள். மூன்று பேரும் வண்டி வரும்வரை எதையெதையோ பேசினார்கள். வண்டி வந்ததும் செபாஸ்டியன் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"கடுதாசி போடறேன்."

"போடுங்கண்ணே."

1972-ல் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இஞ்ஞாசி திட்டக்குடியில் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நல்லவர், சத்தம் ஆகாது. நாளெல்லாம் விசில் ஊதிவிட்டு வருகிறவர் வீட்டில் அமைதியாக இருக்கட்டும் என்று நினைப்பார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. அவள் கத்திப் பாடிய கதையை அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வெலிங்டன் ஏரிக்குத் தண்ணீர் வந்த சேதி, நெல் விலை, பஸ் ஸ்டிரைக், பெரியவளுக்குக் காது குத்து என்று வருஷங்கள் போயின.

1978 மே மாசம், ஒரு ஞாயிறு பதினோரு மணிக்கு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவருக்கு முன்மண்டை வழுக்கை, கையில் தோல் பை. இன்னொருவர் கறுத்து மெலிந்து, கதவு நிலையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல்களை வைத்துத்தான் முதலில் யாரென்று தெரிந்தது.

"கொளஞ்சியண்ணே! ஐயோ, செபாஸ்டியண்ணே!"

இஞ்ஞாசிக்கு அன்றைக்கு விடுப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உபசரித்தார். டீ குடித்ததும் செபாஸ்டியன் தோல் பையிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்து வைத்தான். ரிக்கார்டருக்குள் ஒரு கேசட்.

"போன வருஷம் கப்பலு லண்டன்ல பத்து நாள் நின்னுச்சி" என்று ஆரம்பித்தான். "கூட வேல செய்யற ஒரு வெள்ளக்காரப் பையன், வா பாட்டு கேக்கலாம்னு ஒரு சாராயக் கடைக்குக் கீழ இருக்கற நெலவறைக்குக் கூட்டிட்டுப் போனான். பசங்களப் பாக்கணுமே! கிழிஞ்ச சட்ட, அதுல வரிசையா ஊக்கு குத்தியிருக்குது. ஒருத்தன் கழுத்துல நாய்ச் சங்கிலி. அங்கயும் வேல இல்லியாம் விமலா. படிச்சவன் படிக்காதவன் எல்லாம் கவர்மெண்டு பணத்துக்கு வரிசைல நிக்கறானுங்க. மேடையில நாலு பேரு ஏறுனாங்க. ஒருத்தனுக்கும் வாசிக்கத் தெரியல. மூணு கார்டு. ரெண்டு நிமிஷம். அடுத்த பாட்டு. எனக்கு அழுக வந்துடுச்சி. கூட வந்த பையன் பயந்துட்டான்."

"அதுக்குப் பேரு இருக்குதா?" என்றான் கொளஞ்சி.

"பங்க்குன்னு சொல்றாங்க. பங்க்குன்னா ஒன்னுத்துக்கும் ஆவாத பயன்னு அர்த்தமாம். விசாரிச்சேன். பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல பசங்க கார் நிறுத்தற கொட்டகையில இந்த மாதிரி கத்திக்கிட்டுக் கெடந்தாங்களாம். ஒரு தட்டு, ரெண்டு தட்டு போட்டுட்டு அவனவன் வேலைக்குப் போயிட்டானுங்க. நம்ம தட்டு அந்த மாதிரி ஒன்னுதான். அப்புறம் பத்திரிகையில எழுதறவங்க அதத் தேடிப் புடிச்சி, அவங்களுக்குத்தான் மொதல்ல இந்தப் பேர வச்சாங்களாம். நியூயார்க்ல சில பேரு அதக் கேட்டுட்டு ஆரம்பிச்சி, அங்கேருந்து லண்டனுக்கு வந்துடுச்சி."

கொளஞ்சி யோசித்தான். "அப்ப நம்ம வித்தாசலத்துக்கு அது முன்னாடியே வந்துடுச்சி" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். இஞ்ஞாசி ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

செபாஸ்டியன் பட்டனை அழுத்தினான். கேசட்டில் பாடியது ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. நாலாபக்கமும் பிசிறடிக்கும் குரல், அரத்தைவிட மோசம். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, விளங்கவும் வேண்டியிருக்கவில்லை. விமலாராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பொறாமை வரவில்லை. நாம்தான் முதலில் என்ற கர்வமும் வரவில்லை. தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போன கூடப்பிறந்தவளின் குரலைக் கேட்டது போல இருந்தது. குழந்தைகள் இரண்டும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"இது என்னா பாட்டு? சண்டையா?" என்றார் இஞ்ஞாசி.

அப்போதுதான் அவள் சொன்னாள். உபதேசியார், தகரக் கொட்டகை, எருமை, அமிர்தம் அக்கா, கேட்டில் நிறுத்தியது எல்லாவற்றையும். கொளஞ்சி இடையிடையே திருத்தினான். செபாஸ்டியன் இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னான். இஞ்ஞாசி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்டார். கடைசியில், "ஆறு வருஷமா ஒரே வூட்ல இருக்கறோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

"ஒங்களுக்குத்தான் சத்தம் ஆவாதே."

"மத்தவன் போடற சத்தம் ஆவாது. நீ போட்டா நானு வேணாம்னு சொல்லுவேனா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போவது போல எழுந்து உள்ளே போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பம்பாயில் இறங்கிய இரண்டாவது வாரமே கிதாரை விற்றுச் சாப்பிட்டதைச் செபாஸ்டியன் சொன்னான். அமிர்தம் அக்கா மகளோடு நல்லூரில் இருப்பதைக் கொளஞ்சி சொன்னான். நான்கு மணி பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பியபோது, விமலாராணி தெருமுனை வரை கூட வந்தாள்.

"திரும்ப லண்டனுக்குப் போவீங்களாண்ணே?"

"அடுத்த மாசம் கப்பலு. போனாலும் போவும்."

"அந்தப் பொண்ணப் பாத்தீங்கன்னா ஒன்னு சொல்லணும்."

"எந்தப் பொண்ணு? கேசட்ல பாடுனவளா? அவ எங்க இருக்காளோ, யாரு கண்டா?"

"அவ இல்லன்னா அவள மாதிரி எவகிட்டயாச்சும். தொண்ட கட்டுனா சுடுதண்ணியில மொளகும் பனங்கல்கண்டும் போட்டுக் குடிக்கச் சொல்லுங்க. ரெண்டு நாள் பேசாம இருக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கத்தலாம்."

செபாஸ்டியன் ஒரு முக்கியமான செய்தியை ஏற்றுக்கொள்கிறவன் போலத் தலையை ஆட்டினான். "மொளகு, பனங்கல்கண்டு. சரி, சொல்லிடறேன்" என்றான்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கொளஞ்சி ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, வண்டி நகரும் முன்பே கம்பியில் சங்குப் பாட்டின் தாளத்தைத் தட்டத் தொடங்கினான்.